தரவோடைகளை இடைநின்று கடத்தல்: கோமுகி அணையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்: எதிர்வினை நிரலாக்கத்தில் மூலங்களுக்கும் சந்தாதாரர்களுக்கும் இடையே நின்று தரவைக் கடத்தும் உறுப்பின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது. கல்வராயன் மலையின் மழைநீரை ஏற்கும் கோமுகி அணை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. மூலம் ஒன்று பேசாமற்போகும் நிலையே இவ்வமைப்பின் கடினமான பகுதி என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: எதிர்வினை நிரலாக்கம், தரவோடை, அஞ்சல் கணு, பின்னழுத்தம், கோமுகி அணை.

அணையும் கணுவும்

விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயற்பாட்டிற்கு வந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கல்வராயன் மலை அமைந்துள்ளது. அங்குப் பெய்யும் மழை பொட்டியம், கல்படை, மல்லிகைப்பாடி முதலிய ஓடைகளின் வழியே கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையை அடைகிறது. அணையின் முழு உயரம் 46 அடி. கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. பருவமழைக் காலத்தில் அணையை முழுதும் நிரம்ப விடாமல், பாதுகாப்புக் கருதி மிகுதி நீரை ஆற்றில் திறந்துவிடுவர். கரையோர மக்களுக்கு எச்சரிக்கையும் விடுவர்.

ஓடைகளை நோக்க அணை ஏற்பவர். வாய்க்கால்களை நோக்க அதுவே வழங்குபவர். மைக்ரோசாஃப்டில் எரிக் மெய்யர் குழுவினர் உருவாக்கிய ரியாக்டிவ் எக்ஸ்டென்ஷன்ஸ் நூலகத்தில் இத்தகைய இருமுக உறுப்பிற்குச் ‘சப்ஜெக்ட்’ என்று பெயர். 2015இல் வெளியான ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் வரையறை இதனைப் ‘பிராசஸர்’ என்கிறது. 1994இல் வெளிவந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலில் ‘சப்ஜெக்ட்’ என்பது நோக்கப்படும் பொருளை மட்டுமே குறித்தது. ஒரே சொல் இருவேறு பொருளில் வழங்குவதால் மாணவர் மயங்குவதுண்டு. ‘பொருள்’ என்றோ ‘பாடம்’ என்றோ மொழிபெயர்ப்பது மயக்கத்தை மேலும் வளர்க்கும். அஞ்சலோட்டம் என்ற வழக்கையொட்டி, ‘அஞ்சல் கணு’ என்ற சொல்லை இக்கட்டுரை ஆள்கிறது.

பிந்தி வருபவர்

மேற்கூறிய மூன்று ஓடைப்பகுதிகளிலும் மழைமானிகள் இருப்பதாகவும், அவற்றின் அளவீடுகளை ஒரு நிரல் திரட்டி வழங்குவதாகவும் கொள்வோம். இரவு இரண்டு மணிக்கு ஒரு மானி 12 மில்லிமீட்டர் என அறிவிக்கிறது. மூன்று மணிக்கு இணையும் சந்தாதாரருக்கு அந்த மதிப்புக் கிடைக்குமா?

எளிய கணு அதனைத் தராது. இணைந்தபின் வருவனவற்றையே தரும். ‘ரீப்ளேசப்ஜெக்ட்’ பழையனவற்றைச் சேமித்து மீள வழங்கும். ‘பிஹேவியர்சப்ஜெக்ட்’ இறுதி மதிப்பை மட்டும் கையில் வைத்திருந்து, வருபவருக்கு உடனே கொடுக்கும். எச்சரிக்கைத் திரைகளுக்கு மூன்றாவதே ஏற்றது எனத் தோன்றும். பலரும் அதையே தேர்கின்றனர்.

மௌனத்தின் பொருள்

இரண்டு மணி அளவீட்டிற்குப் பின் இடி விழுந்து மலையின் தொடர்பு அறுந்தது எனக் கொள்வோம். மலையில் மழை வலுக்கிறது. கணுவிற்கு எதுவும் வரவில்லை. நான்கு மணிக்கு இணையும் பொறியாளருக்கு அது 12 மில்லிமீட்டர் என்றே சொல்லும். நூலகம் பிழை செய்யவில்லை; இறுதி மதிப்பைத் தரும்படி பணிக்கப்பட்டது, தந்தது. அம்மதிப்பின் வயதை யாரும் கேட்கவில்லை. ஆகவே ஒவ்வோர் அளவீடும் தான் எடுக்கப்பட்ட நேரத்தைத் தன்னுடன் சுமந்து செல்ல வேண்டும். மழையில்லா வேளையிலும் மானி ‘சுழியம்’ என இடைவிடாது அறிவிக்க வேண்டும். இல்லையேல் வறட்சியும் செயலிழப்பும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும்.

குறித்த காலத்திற்குள் தரவு வராவிடில் பிழை எழுப்பும் ‘டைம்அவுட்’ செயலி இதற்கு உதவும். ஆனால் அதனோடு ஓர் இடர் உண்டு. தரவோடையில் மூவகைச் செய்திகளே செல்லும்: மதிப்பு (‘ஆன்நெக்ஸ்ட்’), பிழை (‘ஆன்எரர்’), நிறைவு (‘ஆன்கம்ப்ளீட்’). பின்னிரண்டும் இறுதிச் செய்திகள். அவற்றுள் ஒன்றைப் பெற்ற கணு அதன்பின் எதையும் கடத்தாது. கல்படை மானியின் பிழை பொதுக் கணுவிற்குள் நுழையுமாயின், நலமாயிருக்கும் பொட்டியம், மல்லிகைப்பாடி மானிகளின் குரலும் அக்கணமே அடங்கும்; கல்படை மானி மீண்டும் இயங்கினாலும் பயனில்லை. ஒரு மானியைப் பழுதுபார்க்க முறையாக நிறுத்தி, அதன் ‘நிறைவு’ கணுவை எட்டினாலும் இதுவே நிகழும். வகுப்பறைப் பயிற்சியில் இது அரிதாகவே வெளிப்படும். அங்கு மூலங்கள் அறுவதில்லை.

எனவே பிழையைக் கணுவிற்கு முன்பே, மூலத்தின் கிளையிலேயே பிடித்துத் ‘தொடர்பில்லை’ என்னும் இயல்பான மதிப்பாக மாற்றி அனுப்புதல் வேண்டும். மறுமுயற்சியும் அக்கிளையிலேயே நடைபெற வேண்டும். ‘தொடர்பில்லை’ என்பது சந்தாதாரர் அறிய வேண்டிய செய்தி. ஓடையை முடித்துவைக்கும் ஆணையன்று.

பின்னழுத்தம்

ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் முறையில் சந்தாதாரர் தமக்கு எத்தனை தரவு வேண்டும் என்பதை ‘ரெக்வெஸ்ட்’ வழியே கேட்பார். வெளியீட்டாளர் அதற்கு மேல் அனுப்பலாகாது. கோப்பு, தரவுத்தளம் போன்ற காத்திருக்கவல்ல மூலங்களுக்கு இது பொருந்தும். மழையிடம் பொறு என்று சொல்ல இயலாது. அணைக்கு எஞ்சுவன இரண்டே வழிகள்: தேக்குதல், திறந்துவிடுதல். கணுவிற்கும் அவ்வாறே, நினைவகத்தில் சேமிக்கலாம், அல்லது சிலவற்றைக் கைவிடலாம்.

எதைக் கைவிடுவது என்பதைப் பொதுக் கணுவில் முடிவு செய்தல் தகாது. சந்தாதாரரின் தேவைகள் வேறுபடுகின்றன. ஆவணப் பதிவிற்கு ஒவ்வோர் அளவீடும் வேண்டும். திரைக்கு அண்மைய மதிப்புப் போதும். எச்சரிக்கை மணிக்கோ அண்மைய மதிப்பும் போதாது. அது பிந்தி வாசித்த இடைவெளியில் நீர்வரத்து உயர்ந்து தாழ்ந்திருக்கலாம். அக்கிளையில் இடைவெளிதோறும் உச்ச அளவைக் கணக்கிட்டு வைத்து, அதையே வழங்க வேண்டும்.