மடியினும் பாதுகாப்பான ஆசனம்

ஞாயிற்றுக்கிழமை காலையிற் சிலாபம் நகரின் பிரதான வீதியோரம் சற்று நேரம் நின்று நோக்குங்கள். கொழும்பை நோக்கிச் செல்லும் கார்கள் பலவற்றில் ஒரே காட்சியைக் காண்பீர்கள். தந்தை வண்டியைச் செலுத்துகிறார். அவருக்கு அருகே தாய். தாயின் மடியிற் குழந்தை. குழந்தை கண்ணாடியூடாக உலகத்தைக் கண்டு களிக்கிறது. தாய் அதனை இறுக அணைத்திருக்கிறாள். அன்பின் வடிவம் இதுவன்றி வேறு யாது என்றே எவர்க்கும் தோன்றும். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

சென்ற ஆவணியில், முன்னேசுவரத் திருவிழாவுக்காக வந்த உறவினரோடு நாம் காரில் வந்துகொண்டிருந்தபோது அவ்வெண்ணம் மாறிற்று. மாரவிலைக்கு அண்மையில் நாயொன்று குறுக்கே பாய்ந்தது. சாரதி பிறேக்கை அழுத்தினார். கார் எதிலும் மோதவில்லை, நாயும் தப்பியது. ஆயினும் முன்னாசனத்தில் தாயின் மடியிலிருந்த ஒரு வயதும் நான்கு மாதமுமான குழந்தை, அவள் கைகளினின்றும் வழுவி, முன்பலகையில் நெற்றியை மோதிக்கொண்டது. வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது. “நான் இறுக்கித்தானே பிடித்திருந்தேன்!” என்ற தாயின் புலம்பல் மட்டும் ஓயவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. குற்றம் அவள் அன்பிலுமில்லை, கையிலுமில்லை. மனிதக் கைக்கு இயலாத ஒன்றை நாம் அதனிடம் எதிர்பார்த்ததே குற்றம்.

அதன் பின்னர் அக்குழந்தைக்கென ஓர் ஆசனம் தேடப் புகுந்தோம். அத்தேட்டத்திற் கற்றவற்றைச் சிறு குழந்தைகளையுடைய பெற்றோர்க்குப் பயன்படுமென்று இங்கே தருகிறோம்.

கையின் வலிமை எவ்வளவு?

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார், ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் தூரம் ஓடுகிறது. அது எதிலேனும் மோதிப் பத்தில் ஒரு செக்கனில் நின்றுவிடுமாயின், உள்ளிருப்போர் ஒவ்வொருவர் மீதும் தத்தம் எடையைப் போற் பதினான்கு மடங்கு விசை தாக்கும். 9 கிலோ எடையுள்ள குழந்தை அக்கணத்தில் 125 கிலோப் பாரமாகிவிடும். இரண்டரை மூடை அரிசி! அதனை எந்தத் தாயால் ஏந்தி நிறுத்த முடியும்? இன்னொரு வகையாற் கூறின், அம்மோதல் 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். நம் ஊர்த் தென்னையொன்றின் ஏறக்குறையப் பாதி உயரம் அது.

தாயும் பிள்ளையும் ஒரே பட்டிக்குள் அடங்குவது இன்னும் பெருந்தீங்கு. தாயின் முழுப் பாரமும் குழந்தையை நசுக்கிவிடும்.

முதுகைக் காட்டி அமர்வது எதற்கு?

பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தோரிலோ எட்டில் ஒரு பங்களவே. பாரமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் முதல் சில ஆண்டுகளில் முற்றாக இறுகுவதில்லை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலை வார் தடுத்து நிறுத்தும். தலை மட்டும் முன்னே வீசப்படும். பின்னோக்கி அமர்ந்தாலோ, தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனத்தின் ஓடு ஒருங்கே தாங்கிக்கொள்ளும். விசை ஓரிடத்திற் குவியாது பரந்துவிடும்.

இவ்வுண்மையை ஆசனமாக வடித்தவர் சுவீடன் நாட்டு மருத்துவரான பேர்ட்டில் ஆல்ட்மன் என்பவர். ஜெமினி விண்கலத்தின் வீரர்கள் புறப்பாட்டின் பெருவிசையை முதுகு முழுவதாலும் தாங்குமாறு அமைந்த ஆசனங்களைக் கண்டபோது அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது. 1964 ஆம் ஆண்டில் வொல்வோ நிறுவனம் அத்தகைய முதல் மாதிரியைச் சோதித்தது. அந்நாட்டிற் பிள்ளைகள் நான்கு வயது வரையிலும் பின்னோக்கி அமர்வது வழக்கமாகிவிட்டது.

ஒரு வயதானதும் ஆசனத்தைத் திருப்பிவிடலாம் என்பது பழைய கருத்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011 இல் இரண்டு வயது வரையென்று கூறிற்று. 2018 இலோ வயதை விடுத்து, அவ்வாசனத்துக்குரிய எடை அல்லது உயர எல்லையை எட்டும் வரை பின்னோக்கியே இருத்துமாறு அறிவுறுத்தியது. ஆதலின் மெலிந்த சிறு குழந்தையுடைய பெற்றோர் அவசரப்படவேண்டியதில்லை. குழந்தை சிறிதாயிருப்பின், அவ்வெல்லையை எட்ட அதற்கு நெடுநாளாகும். அத்தனை நாளும் அது இப்பாதுகாப்பைப் பெறும்.

எளிதிற் பொருத்தக்கூடியதே நல்லது

விலை மிகுந்த ஆசனமே சிறந்ததென்று பலர் எண்ணுவர். நாம் கண்டது வேறு. சந்தையில் முறைப்படி விற்கப்படும் ஆசனம் எதுவாயினும் ஒரு தரச்சோதனையிற் தேறியதாகவே இருக்கவேண்டும். அச்சோதனையில் அது செவ்வையாகப் பொருத்தப்பட்டிருந்தது. நம் காரிலோ பெரும்பாலும் அவ்வாறு இருப்பதில்லை. அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிருவாகம் ஆராய்ந்தபோது, ஏறக்குறையப் பாதி ஆசனங்கள் ஏதேனும் ஒரு பிழையோடு பயன்பட்டமை தெரியவந்தது. எனவே, ஒவ்வொரு முறையும் பிழையின்றிப் பொருத்தத்தக்க ஆசனமே நமக்குரிய ஆசனம்.

பொருத்தும் முறைகள் இரண்டு. ஒன்று ஐசோபிக்ஸ். காரின் பின்னாசனத்திற் சாய்வும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள்; இரும்பு வளையங்கள் இரண்டு தட்டுப்பட்டால் உங்கள் காரில் அவ்வசதி உண்டு. ஆசனத்தின் கொளுவிகளை அவற்றில் அழுத்தினால் ‘டக்’ என்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும். சிவப்புக் குறி பச்சையாக மாறும். அதனோடு தரையில் ஊன்றும் காலோ, மேற்பட்டியோ இருக்கும். தரைக்குக் கீழே பொருள் வைக்கும் பெட்டியுள்ள வண்டியாயின், அங்கே கால் ஊன்றலாமா என்பதைக் கைநூலிற் பார்த்தல் வேண்டும். இம்முறையே மிக எளிது. பிழை நேரும் வாய்ப்பும் குறைவு.

ஜப்பானில் 2012 ஜூலைக்குப் பின் புதிதாக வெளிவந்த கார் வகைகளுக்கு இவ்வளையங்கள் கட்டாயமாயின. நம் நாட்டிலோ 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. ஆகவே பழைய கார்கள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றுக்கு இரண்டாவது முறையே கதி. அது காரின் ஆசனப்பட்டியாற் கட்டும் முறை. இதிலும் எளிதானவை உண்டு: பட்டி செல்லும் வழி நிறத்தாற் காட்டப்பட்டிருக்கும் (ஐரோப்பிய ஆசனங்களிற் பின்னோக்கியதற்கு நீலம்); பட்டியை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி இணைந்திருக்கும். சொந்தக் கார் இல்லாது, விமான நிலையத்துக்கோ வைத்தியசாலைக்கோ வாடகைக் கார் அமர்த்துவோர்க்கு ஒவ்வொரு பயணத்திலும் புதிதாகப் பொருத்தும் வேலை இருப்பதால், இலேசான, பட்டியாற் கட்டக்கூடிய இவ்வகையே உகந்தது. முச்சக்கரவண்டியிற் கட்டுவதற்குப் பட்டியே இல்லை. அதில் இவ்வாசனத்தை வைத்துப் பாதுகாப்பென்று நம்புதல் கூடாது.

வாங்குமுன் ஆராய்க

முதலில் முத்திரையைப் பாருங்கள். வட்டத்துள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஆர் 129 என்ற இலக்கமும் இருப்பின் அது 2013 இல் நடைமுறைக்கு வந்த புதிய ஐரோப்பிய விதிக்கு அமைந்தது. அவ்விதிப்படி பதினைந்து மாதம் நிறையுமுன் முன்னோக்கி அமர்த்தல் ஆகாது. ஆசனத்தை உயரங்கொண்டு தெரிதல் வேண்டும். பழைய ஆர் 44 விதி எடைகொண்டு பிரிப்பது. அதில் 9 கிலோவிலேயே முன்னோக்கும் வகையும் உண்டு. 13 கிலோ வரை பின்னோக்கும் வகையும் உண்டு. எட்டரைக் கிலோக் குழந்தைக்கு எது வேண்டுமென்பதைக் கூறவும் வேண்டுமோ?

அடுத்து, காரோடு கடைக்குச் சென்று, பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். சிறிய கார்களிற் பட்டியின் நீளம் போதாதிருக்கலாம். பின்னோக்கிய ஆசனத்தின் முன்னே முன்னாசனத்தில் ஒருவர் அமர இடமில்லாதிருக்கலாம்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் ஆசனத்தை ஏற்குமுன்னும் சில கேள்விகள் கேளுங்கள். அது விபத்தைக் கண்டதா? எந்த ஆண்டிற் செய்யப்பட்டது? கைநூல் உண்டா? அவுஸ்திரேலிய ஆசனங்களுக்குப் பின்னோக்கி இருக்கும்போதும் மேற்பட்டி வேண்டும். அதனைக் கொளுவ உங்கள் காரில் இடமுண்டா என்று பார்த்தல் நன்று. அமெரிக்க ஆசனங்களுட் பல, முழுதும் இழுத்ததும் பூட்டிக்கொள்ளும் காரின் பட்டியை எதிர்பார்ப்பன. நம் கார்கள் எல்லாவற்றிலும் அது இல்லை.

பொருத்தியபின் சோதிக்க

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். ஆசனத்தைப் பின்னிருக்கையிலேயே வையுங்கள். காற்றுப்பை இயங்கும் முன்னாசனத்தில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைத்தலாகாது. பை வெடித்து விரியும் வேகம் குழந்தையின் தலைப்பக்கத்தையே தாக்கும். பட்டி செல்லும் இடத்திற் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மீண்டும் இறுக்குங்கள். சாய்வுக் குறி சரியாயிருத்தல் வேண்டும். நிமிர்ந்துவிட்டால் உறங்கும் குழந்தையின் தலை முன்னே தொங்கும். தோள்வார் பொதுவாகத் தோள்மட்டத்திலோ சற்றுக் கீழோ தொடங்கவேண்டும். தோளருகே வாரைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக்கூடாது.

நம் கடற்கரை வெயிலையும் மறவாதீர்கள். வெயிலில் நின்ற காரில் வாரின் உலோகம் குழந்தையைச் சுட்டுவிடும்; வெள்ளைத் துணியால் மூடி வையுங்கள். தென்னை நிழலில் நிறுத்தலாமெனின், தேங்காய்க்கு அஞ்சவேண்டியிருக்கிறது!

அம்மம்மாவின் வழக்கு

எல்லாம் முடிந்தபின், வீட்டிலேயே ஒரு தடை எழுந்தது. “பிள்ளையைக் கட்டிப்போட என்ன குற்றம் செய்தது அது? தாயின் முகத்தையும் காணாமல், காலையும் மடக்கிக்கொண்டு!” என்று அம்மம்மா வாதாடினார். அவர் ஆறு பிள்ளைகளை மடியில் வைத்தே வளர்த்தவர். அவர் சொல்லை இலேசாகத் தள்ளிவிட இயலாது.

நாம் வாதம் செய்யவில்லை. அரிசி மூடையின் கணக்கை மட்டும் கூறினோம். குழந்தை சப்பணமிட்டுக் களிப்போடு விளையாடுவதைக் காட்டி, மடங்கிய கால் அதற்கு வருத்தமன்று என்றோம். தாய் பின்னாசனத்தில் அருகே அமர்ந்தால் முகம் மறையாது என்றோம். முதல் நாள் குழந்தை மாதம்பை வரை அழுதது. மறுமுறை வழியிலேயே உறங்கிவிட்டது. இப்பொழுது கார் புறப்படுமுன் வாரைக் கிள்ளிப் பார்ப்பவர் அம்மம்மாதான்!

முன்னாசனத்தில் இருப்போர் பட்டி அணியவேண்டுமென்ற விதி நம் நாட்டில் 2011 இல் வந்தது. நமக்கென்று பட்டியை இழுத்துப் பூட்டும் நாம், மடியிலிருக்கும் பிஞ்சுக்கு வெறுங்கையையே காவலாக வைத்தல் தகுமோ? தாயின் மடிக்கு நிகரான இடம் வீட்டில் வேறில்லை. ஓடும் காரில் மட்டும், குழந்தையை அம்மடியினின்றும் இறக்கி வைப்பதே தாயன்பு.