கழிவில் பெரும்பங்கு எங்கே? கண்டுபிடிக்க ஒரு கணக்கு

கொழும்பு புறக்கோட்டையில் நெடுங்காலம் இயங்கிய மனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. தூர மாவட்டங்களிலிருந்து வரும் மரக்கறி லொறிகள் இன்று அங்குதான் இறக்கப்படுகின்றன. நம்மில் சிலர் அனுப்பும் தக்காளியும் கத்தரியும் அங்கேயே நிறுக்கப்படுகின்றன.

சொந்தக் காணியை விட்டு வந்து குத்தகை நிலத்தில் பயிர்செய்யும் நமக்கு, விற்பனைத் துண்டில் "கழிவு" என வெட்டப்படும் ஒவ்வொரு கிலோவும் அடுத்த போகத்துக்கான விதைக்காசு. ஏன் கழிந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். எதை முதலில் திருத்துவது? இதற்கு உதவுவதே திரள் சதவீதம். பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் திரள் மீடிறனின் உறவுக் கணக்குத்தான் இது.

ஓர் உதாரணம் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள். ஒரு போகத்தில் 200 கிலோ தக்காளி கழிந்தது என்று வைப்போம். சாக்கில் நசிந்தது 90 கிலோ, அதிகம் பழுத்தபின் பறித்தது 60, பூச்சி தாக்கியது 24, லொறி தாமதித்ததால் அழுகியது 16, ஏனையவை 10.

முதலில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்த வேண்டும். பின் மேலிருந்து கூட்டிக்கொண்டே வரவேண்டும்: 90, 150, 174, 190, 200. ஒவ்வொன்றையும் மொத்தமான 200ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 45, 75, 87, 95, 100 சதவீதம் வரும். கடைசி எண் 100 ஆகாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

கணனியில் எக்செல் இருந்தால், காரணத்தை ஒரு நிரலிலும் கிலோவை அடுத்த நிரலிலும் எழுதுங்கள். மூன்றாவது நிரலில் திரள் சதவீதத்துக்கான சூத்திரத்தை இடும்போது, மொத்தம் உள்ள கட்டத்தை டொலர் குறியிட்டு நிலைப்படுத்த மறக்க வேண்டாம். மறந்தால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அந்தக் கட்டமும் நகர்ந்து கணக்குக் குழம்பும். கிலோவுக்குச் சலாகைகளையும், சதவீதத்துக்கு வலப்பக்க அச்சில் ஏறும் கோட்டையும் வரையுங்கள். எக்செல் 2016 முதல் "பரேட்டோ" என்ற வரைபடம் இவ்வளவையும் தானே செய்துவிடும். இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரடோ பரேட்டோவின் பெயரே அதற்கு இடப்பட்டது. சிலரிடமே பெரும் செல்வம் குவிந்திருப்பதை அவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணக்கிட்டுக் காட்டினார்.

நம் உதாரணத்தில் கோடு இரண்டாவது சலாகையிலேயே 75ஐத் தொட்டுவிடுகிறது. நாம் நாள்தோறும் திட்டுவது லொறியை. அதன் பங்கு 8 சதவீதமே. சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை, சற்று முன்கூட்டியே பறித்தல் என்ற இரண்டும் கழிவின் முக்கால் பங்கைத் தொடுகின்றன. கூடைக்குத் தனி ஒருவரிடம் பணமில்லாவிட்டாலும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கிலோவை இரண்டு காரணங்களில் எழுதக்கூடாது. அத்தோடு விலை ஏறியிருக்கும் நாளில் கழிந்த 10 கிலோ, விலை விழுந்த நாளின் 30 கிலோவைவிடக் கூடிய நட்டமாகலாம். எனவே ரூபாயிலும் ஒரு தடவை கணக்கிட்டுப் பாருங்கள்.

கணனி இல்லையா? கொப்பியும் பென்சிலும் போதும். இந்தப் போகம் ஒவ்வொரு துண்டையும் பத்திரமாக வைத்து, பறிக்கும்போதும் ஏற்றும்போதும் கழிந்ததை அன்றன்றே எழுதி வருவோம். அடுத்த முறை தரகரிடம் பேசும்போது நம் கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.