குதிரை வயிற்றுக்குள் ஒரு வாசல்

குழந்தை விரல் சூப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதட்டுவீர்கள், விரலில் வேப்பெண்ணெய் தடவுவீர்கள். குதிரைக்கும் இந்த மாதிரி ஒரு பழக்கம் உண்டு. லாயத்தில் அடைந்து கிடக்கும் சில குதிரைகள், தீனித் தொட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்விக் கொண்டு, ஓர் உறுமலுடன் காற்றை உள்ளே இழுக்கும். பொழுதெல்லாம் இதே வேலைதான்!

பார்க்க வேடிக்கையாக இருக்கும். விளைவோ விபரீதம்!

கல்லீரலுக்குப் பக்கத்தில் சின்னஞ் சிறு சந்து ஒன்று இருக்கிறது. 'வின்ஸ்லோ துவாரம்' என்பார்கள் டாக்டர்கள். உங்களுக்கும் எனக்கும்கூட அது உண்டு. குதிரையின் சிறுகுடல் சுமார் 70 அடி நீளம். அதில் ஒரு பகுதி இந்தச் சந்தில் நுழைந்து மாட்டிக் கொண்டால், ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். வலி பொறுக்காமல் குதிரை தரையில் விழுந்து புரளும். 1991 முதல் 2002 வரை இந்த ஆபத்தில் சிக்கிய 68 குதிரைகளைப் பற்றி ஆராய்ந்த டாக்டர்கள், இந்தப் பழக்கத்துக்கும் ஆபத்துக்கும் தொடர்பு உண்டு என்று 2004-ல் எழுதினார்கள்.

"வயிற்றைத் திறந்து குடலை இழுத்துவிட்டால் போகிறது" என்பீர்கள். அங்கேதான் சங்கடம்! அந்த வாசலின் மேல் விளிம்பில் ஒரு பெரிய ரத்தக் குழாய். கீழ் விளிம்பில் இன்னொன்று. வாசலைப் பெரிதாக்க முயன்றால் குழாய் கிழிந்துவிடும். பிறகு குதிரை பிழைப்பது அரிது.

குடல் நுழையு முன்பே வாசலை அடைத்துவிட்டால்? பெல்ஜியம் தேசத்து கெண்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதைத்தான் செய்தார்கள். குதிரையைப் படுக்க வைக்கவில்லை. முழு மயக்கம் தெளிந்து தடுமாறி எழும்போது அது காலை முறித்துக் கொள்வதும் உண்டே! அரைத் தூக்கத்தில் நிற்க வைத்து, விலாப்புறத்தை மரத்துப் போகச் செய்து, சிறு துளைகள் போட்டார்கள். ஒரு துளையில் விளக்கும் காமிராவும் உள்ள குழல். மற்றவற்றில் நீண்ட கருவிகள். உடுக்கை போல் இடை சிறுத்த ஒரு வலையைச் சந்துக்குள் செருகினார்கள். வலையைச் சுற்றிச் சதை வளர்ந்து வாசல் அடைபட்டது. 6 குதிரைகளுக்குச் செய்து பார்த்து, 2016-ல் இதை வெளியிட்டார்கள்.

எல்லாக் குதிரைகளுக்கும் இது வேண்டியதில்லை. காற்றை இழுக்கும் குதிரைக்கும், ஒரு தரம் மாட்டிப் பிழைத்த குதிரைக்கும்தான். அதட்டினால் குதிரை கேட்குமா? தொட்டியை அகற்றினால் வேலிக் கம்பைக் கவ்வும். பழக்கம் போகாவிட்டாலும் உயிராவது தப்பட்டும் என்றுதான் இந்த வலை!