தச்சருக்கு ஏற்ற வண்டி
லண்டன் மாநகரில் தச்சுத் தொழில் புரியும் ஒருவர் நடுத்தர டீசல் சரக்கு வேன் வாங்க விழையும்போது, எஞ்சினின் குதிரைச்சக்தியைக் காட்டிலும் பிரதானமாகக் கவனிக்க வேண்டியது, அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சும் பாரமே ஆகும். துணையாளும் அலமாரிகளும் கருவிப் பெட்டிகளும் அந்தப் பாரத்திலேயே அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 8 அடிக்கு 4 அடிப் பலகை சக்கர மேடுகளுக்கிடையே படுக்குமா என்றும் அளந்து பார்த்தல் அவசியம். 2023 ஆகஸ்டு இறுதி முதல் நகரம் முழுவதிலும், யூரோ 6 என்னும் புகை உமிழ்வுத் தரத்தை எட்டாத டீசல் வேனை ஓட்டுவதற்குப் பொதுவாக நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம் உண்டு. ஆயினும், அத்தரத்தை எட்டிய வேனிலும் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அக்கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீடித்த உஷ்ணம் வேண்டுமாதலால், தினந்தோறும் இரண்டு மைல் மாத்திரம் ஊர்ந்து நின்றுவிடும் தொழிலாளி டீசலையே தவிர்த்தல் உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.