அரிசி விலை ஏறுவது ஏன்?

சம்பள நாளன்று மளிகைக் கடைக்குச் செல்லும் இல்லத்தரசியர் முதலில் கேட்பது அரிசியின் விலையைத்தான். மீனைக் குறைக்கலாம்; பலகாரத்தைத் தள்ளி வைக்கலாம்; அரிசியை எளிதில் குறைக்க இயலாது. மழையால் பால்வெட்டு நின்று வருமானம் குறைந்த நாளிலும் அடுப்பில் உலை ஏறத்தான் வேண்டும். ஆகவே, அரிசி விலை எவ்வாறு ஏறுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம். 2023ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மலேசியாவில் விளையும் நெல் நம் தேவை முழுவதற்கும் போதுவதில்லை. கெடா, பெர்லிஸ் முதலிய மாநிலங்களின் வயல்கள் தருவது போக, எஞ்சியதைத் தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வாங்குகிறோம். இறக்குமதி செய்யும் பொறுப்பு பெர்னாஸ் நிறுவனத்திடம் உள்ளது.

உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அளித்து வந்த நாடு இந்தியா. தன் மக்களுக்கு விலை ஏறிவிடலாகாது எனக் கருதி, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை அந்நாடு 2023 ஜூலை 20ஆம் நாள் தடை செய்தது. ஆகஸ்டு 25ஆம் நாள், நம் வீடுகளில் பலரும் விரும்பி உண்ணும் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. அதுவரை இந்திய அரிசியை நம்பியிருந்த நாடுகள் தாய்லாந்தையும் வியட்நாமையும் நாடின. வாங்குவோர் பெருகவே அங்கும் விலை உயர்ந்தது.

செப்டம்பர் 1ஆம் நாள் பெர்னாஸ், இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. இது கிலோவுக்கு 85 காசு உயர்வாகும். கடைக்காரர் இவ்வுயர்வை மட்டுமே சேர்த்திருப்பினும், மாதம் 30 கிலோ சமைக்கும் குடும்பத்திற்கு 25 வெள்ளி 50 காசு கூடுதல் செலவு.

உள்நாட்டு அரிசியோ 10 கிலோ மூட்டை 26 வெள்ளி என்னும் கட்டுப்பாட்டு விலையில் இருந்தது. எனவே மக்கள் அதனை நாடினர். தட்டுப்பாடு வருமோ என்னும் அச்சத்தால் சிலர் தேவைக்கு மேலும் வாங்கினர். கடைகளில் உள்நாட்டு அரிசி அரிதாயிற்று. அது இறக்குமதி அரிசி எனப் பை மாற்றி விற்கப்படுகிறதோ என்ற ஐயமும் எழுந்தது. அதிகாரிகள் ஆலைகளையும் கிடங்குகளையும் சோதனையிட்டனர். இந்தியா 2024 செப்டம்பரில் வெள்ளை அரிசித் தடையையும், அக்டோபரில் புழுங்கல் அரிசி வரியையும் நீக்கியது. ஒரே நாளில் ஏறிய விலை இறங்குவதற்கு நெடுநாள் பிடித்தது.

இவ்வாறான வேளையில் நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, விலைச் சீட்டைப் பார்த்து வாங்குக. பொருளின் விலையைக் கடைக்காரர் வாடிக்கையாளர் காணுமாறு வைத்தல் வேண்டும். நியாயமற்ற இலாபம் ஈட்டுதல், 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஐயமிருப்பின் இரசீதுடன் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம்.

இரண்டாவது, பற்றுக் கணக்கில் வாங்குவோர் பெரும்பாலும் விலை கேட்பதில்லை. மாத முடிவில் மொத்தத் தொகையை மட்டும் கேட்டுக் கட்டிவிடுகின்றனர். ஒவ்வொரு பொருளின் எடையையும் விலையையும் கணக்குப் புத்தகத்தில் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. கடைக்காரர் மீது ஐயப்படுவதாகாது.

மூன்றாவது, அஞ்சி மூட்டை மூட்டையாய் வாங்கிக் குவிக்காதீர்கள். அது வண்டு பிடிக்கும். அண்டை வீட்டாருக்கும் கிடைக்காமற் போகும். அதற்கு மாறாக, நான்கைந்து குடும்பத்தினர் ஒன்றுசேர்ந்து பட்டணத்தில் விலை விசாரித்து வாங்கினால் போக்குவரத்துச் செலவு மிஞ்சும்.

அடுத்த சம்பள நாளன்று, பள்ளி செல்லும் பிள்ளையை அருகில் அமர்த்திக் கணக்குப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சென்ற மாதம் அரிசிக்கு எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விலையேற்றம் நம் வீட்டில் எங்கே நுழைந்தது என்பது அப்போது விளங்கும்.