மடிக்கணினி கண்விழிக்க மறுக்கும்போது



2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை மும்பைத் தமிழர் எளிதில் மறந்துவிட முடியாது. அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், திருமண ஆல்பம் என்று காகிதத்தில் இருந்தவற்றையெல்லாம் ஊறவைத்துவிட்டது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில், முக்கியமான காகிதங்களை ஸ்கேன் செய்து கணினியில் சேமித்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் வந்துவிட்டது. நல்ல வழக்கமே. ஆனால் கணினியும் உடையக்கூடிய ஒரு பாத்திரம் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

தாராவியில் 2024 மார்ச் மாதம் மறுசீரமைப்புக்கான வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியபோது, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பே அங்கு குடியிருந்ததற்கான சான்று எத்தனை விலையேறப்பெற்றது என்பதைப் பலரும் உணர்ந்தனர். பழைய மின்கட்டண ரசீதின் ஒரே பிரதி மடிக்கணினிக்குள் இருந்து, அக்கணினி ஒரு காலையில் கண்விழிக்க மறுத்தால் என்ன செய்வது? தையல் கூடத்தின் கணக்கும், பிள்ளைகளின் புகைப்படங்களும், ஞாயிறு ஆராதனையில் திரையில் காட்டும் பாடல் வரிகளும் அதற்குள்தானே இருக்கின்றன?

உள்ளே நடப்பது என்ன?

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டுக்குள் பளபளப்பான வட்டத் தகடுகள் சுழல்கின்றன. மடிக்கணினிகளில் பெரும்பாலும் இவை நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுற்றுகின்றன. தகட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில், படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. கணினி இயங்கும்போதே அதைக் கட்டிலிலிருந்து தவறவிட்டால் அந்த முனை தகட்டில் மோதிக் கீறிவிடக்கூடும். வேறு சில தட்டுகள் எந்த அடியும் படாமலே, வயதினால் சிறிது சிறிதாகப் பழுதடைகின்றன.

பழுதின் அடையாளங்கள் இவை: கணினி எழும்ப வெகுநேரம் எடுப்பது, ஒரு கோப்பைத் திறந்ததும் உறைந்து நிற்பது, அடிக்கடி நீலத்திரை தோன்றுவது, கோப்புகளின் பெயர்கள் சிதைந்து காணப்படுவது, ‘ஆட்டோமேடிக் ரிப்பேர்’ என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருவது, இறுதியில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்ற அறிவிப்புடன் திரை கறுத்து நிற்பது.

முதலில் சோதிக்கவேண்டியவை

பழி முழுவதையும் ஹார்டு டிஸ்க்கின் மேல் சுமத்துமுன், செருகியிருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றை எடுத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். சில கணினிகள் அவற்றிலிருந்து எழும்ப முயன்று நின்றுவிடும். பின்பு பவர் பொத்தானை அழுத்தியவுடன் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையை (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) தட்டினால் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

பெயர் தெரிந்தால், மின்னணுப் பகுதி உயிருடன் உள்ளது. விண்டோஸ் கோப்புகள் சிதைந்திருக்கலாம், அல்லது தகட்டின் சில பகுதிகள் படிக்க முடியாதபடி கெட்டிருக்கலாம். பெயர் தெரியாவிட்டால், இணைப்பு தளர்ந்திருக்கலாம். கழற்றி மாட்டினாலே சரியாகிவிடுவதும் உண்டு. அப்படியும் தெரியவில்லையெனில் தட்டின் மின்பலகையோ மோட்டாரோ பழுதாகியிருக்க வாய்ப்புண்டு.

இதற்கிடையில் ‘டிக், டிக்’ என்று தட்டும் ஒலியோ உராயும் ஒலியோ கேட்டால், உடனே கணினியை அணைத்துவிடுங்கள். அதை மீண்டும் இயக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கீறல் பெரிதாகலாம்.

பழுதுபார்ப்பதற்கு முன் பிரதி

பலர் இடறுவது இவ்விடத்தில்தான். கணினி எழும்பவில்லை என்றதும், ‘செக்டிஸ்க்’ ஓட்டுவதும், விண்டோஸைப் புதிதாகப் போடுவதும், ஃபார்மட் செய்வதும் முதல் வேலையாகிவிடுகின்றன. நலிந்த தட்டை இச்செயல்கள் மணிக்கணக்கில் உழைக்கவைக்கின்றன. அதன்மேல் புதிதாக எழுதவும் செய்கின்றன. எழுதப்பட்ட இடத்தில் முன்பு இருந்தது திரும்பக் கிடைக்காது. ஆகவே முதலில் பிரதி எடுங்கள். பழுதுபார்ப்பது அதன் பிறகு.

வழி எளிது. வேறொரு கணினியில், உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் அமைப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து மடிக்கணினியை எழுப்புங்கள். நிறுவாமல் சோதித்துப் பார்க்கும் முறையைத் தெரிந்தெடுங்கள். விண்டோஸ் எழும்பாத கணினியிலும் கோப்புகளைக் காண இது பெரும்பாலும் உதவும். மிக முக்கியமானதை முதலில் எடுங்கள்: ஆவணங்கள், பிறகு கணக்குகள், பிறகு புகைப்படங்கள். திரைப்படங்களும் பாட்டுகளும் கடைசியில் வரட்டும். கடைக்காரர்கள் கேசிங் என்று கூறும் யு.எஸ்.பி. உறைக்குள் தட்டைப் பொருத்தி வேறு கணினியில் இணைத்தும் பிரதி எடுக்கலாம்.

தட்டில் கெட்ட பகுதிகள் மிகுந்திருந்தால் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் உதவும். நன்றாக இருக்கும் பகுதிகளை அது முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். விட்ட இடத்தைக் குறித்து வைப்பதால் நடுவில் நின்றாலும் தொடரலாம்.

விண்டோஸில் ‘பிட்லாக்கர்’ பூட்டு போடப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீடு இல்லாமல் எவரும் கோப்புகளைத் திறக்க முடியாது. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்; இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் எச்சரிக்கையை நம்பலாமா?

தட்டின் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு எல்லா ஹார்டு டிஸ்க்குகளிலும் உண்டு. ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். ஆயினும் அதை முழுவதும் நம்பிவிடலாகாது. 2007-ஆம் ஆண்டு கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதல் ஸ்கேன் பிழை தோன்றிய தட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டனர். அதேவேளையில், பழுதான தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றையேனும் முன்கூட்டிக் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் தாமதம் கூடாது. வராவிட்டால் அலட்சியமும் கூடாது.

செய்யக்கூடாதவை

தட்டை ஃபிரீசரில் வைத்தால் உயிர்பெறும் என்று சிலர் சொல்வார்கள். மும்பையின் ஈரக்காற்றில், வெளியே எடுத்த கணமே அதன்மேல் நீர்த்துளி படியும். இருந்த நம்பிக்கையும் போய்விடும். மூடியைத் திருகிக் கழற்றவும் வேண்டாம். ஒரு தூசியும் தகட்டுக்குக் கேடு. மழைநீரில் மூழ்கிய தட்டை இயக்காதீர்கள். ஹேர் டிரையரால் உலர்த்தாதீர்கள். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் இறுக மூடி, தரவு மீட்பு நிலையத்திடம் கொடுங்கள். காய்ந்தால் சேறும் உப்பும் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

லாமிங்டன் ரோட்டில்

கணினிச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற லாமிங்டன் ரோடு, கிராண்ட் ரோடு ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது. மாட்டுங்கா ரோடிலிருந்து ஸ்லோ வண்டியில் நேராகச் செல்லலாம். செம்பூரிலிருந்து வருவோர் குர்லாவிலும் தாதரிலும் மாறவேண்டும். கடையில் கொடுக்குமுன் நான்கு காரியங்களைக் கேளுங்கள். “முதலில் டேட்டாவை எடுத்துத் தாருங்கள், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்” என்று தெளிவாகச் சொல்லி ரசீதில் எழுதி வாங்குங்கள். மொத்தச் செலவு எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். டேட்டா கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பழைய தட்டைத் திரும்பப் பெறுங்கள். உங்கள் ஆதாரும் வங்கி விவரங்களும் அதற்குள் இருக்கின்றன.

புதிதாக வாங்கும்போது, 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் அதே இடத்தில் பொருந்தும். சுழலும் பாகம் இல்லாததால் அதிர்ச்சியைத் தாங்கும். கணினியும் விரைவாக எழும்பும். ஆனால் அது பழுதாகும்போது ஒலி எழுப்பி எச்சரிக்காது. ஒரே நாளில் மௌனமாகிவிடலாம். ஆகவே எஸ்.எஸ்.டி. வாங்கியவருக்கும் பிரதி அவசியமே.

மூன்று பிரதி

கணினி வல்லுநர்கள் 3-2-1 என்று ஒரு விதியைச் சொல்வார்கள். பிரதிகள் 3, அவை இருக்கும் சாதனங்கள் 2 வகை, அவற்றுள் 1 வேறு இடத்தில். பிழைப்புக்காகப் பட்டணம் வந்த நமக்கு இந்தக் கடைசி நிபந்தனை மிக எளிது. ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில். மூன்றாவது பிரதி ஒரு பென்டிரைவில், மே மாத விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம்மோடு பயணப்பட்டு, அம்மாவின் பீரோவில் தங்கட்டும். ஆண்டுதோறும் போய்வரும்போது அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். மும்பையில் எத்தனை மழை பெய்தாலும் திருநெல்வேலியில் உள்ள பீரோவுக்குள் அந்தத் தண்ணீர் புகாது.

இம்மாத இதழை மூடி வைக்குமுன், இழக்கக்கூடாத பத்துக் கோப்புகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். இன்றிரவே அவற்றைப் பிரதி எடுத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.