மரக்கபிலன்

குறிஞ்சி பாடக் கபிலர் என்பது புலவர் மரபு. தொண்ணூற்றொன்பது மலர்களை ஒரே பாட்டில் நிரல்பட வைத்த அப்பெரியாரின் பெயரை நினைவூட்டும் நிறமொன்றை ஈழத்துச் சிறுவரும் அறிவர். மண்ணும் மரப்பட்டையும் உலர்ந்த சருகும் காட்டும் அந்நிறத்தைக் கபிலம் என்றே இங்குள்ளோர் வழங்குவர். குறிஞ்சி நிலத்திலே அந்நிறத்தை உடுத்து வாழும் வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மஸ்கெலியாவைக் கடந்து சிவனொளிபாதமலையின் அடிவாரத்தை அடைந்தால் வருவது நல்லதண்ணி. டிசம்பர்ப் பூரணை தொடங்கி வெசாக் பூரணை வரை 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலையை நாடி வரும் அடியார் கூட்டம் இவ்வூர் வழியே படியேறும். சிங்கள மக்கள் அம்மலையைச் சமனல மலை என்பர். அம்மொழியிற் 'சமனல' என்பது வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல். சமன் என்னும் தெய்வத்தின் பெயரோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். பருவகாலத்திலே வெண்ணிறமும் மஞ்சள் நிறமுமான பூச்சிகள் திரள்திரளாய்ப் பறப்பதைக் கண்ட மக்கள், அவை திருவடி தொழச் செல்கின்றன என்று நம்பினர். அழகிய நம்பிக்கை அது.

ஆனால், யான் கூறவந்த கபிலப் பூச்சி யாத்திரை போவதன்று. மலையிலேயே பிறந்து மலையிலேயே மடிவது. மலருக்கு மலர் தாவித் தேனருந்தும் வழக்கமும் இதற்கு அரிது. மரத்திற் கசியும் சாறும் அழுகிய கனியுமே இதன் உணவு. மர நிழலிற் குறுகப் பறந்து, அடிமரத்திற் சிறகு மூடி அமர்ந்துவிட்டால், பட்டையினின்று இதனைப் பிரித்தறிதல் எளிதன்று. சிறகின் ஓரத்தே கண் போன்ற புள்ளிகள் உள. கொத்தவரும் பறவை அப்பொய்க் கண்ணைக் கண்டு மயங்கிச் சிறகின் விளிம்பைக் கொத்துமாயின், உயிர் தப்பும். ஆறு கால் உடைய பூச்சியினத்ததாயினும் முன்னிரு கால்களும் குறுகியமையால் நாற்காலிலேயே நிற்கும். இதன் புழு மூங்கிலினத்து இலைகளைத் தின்று வளர்கிறது.

இலங்கையின் உயர்ந்த மலைக்காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத இவ்வினத்திற்கும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இதன் உறவினம் ஒன்றிற்கும், ஹியூவிட்சன் என்னும் ஆங்கில அறிஞர் 1863-இல் அறிவியற் பெயர் சூட்டினார். ஆங்கிலத்திலே முன்னதற்குச் சிலோன் என்னும் அடைமொழியும் பின்னதற்குத் தமிழ் என்னும் அடைமொழியும் வாய்த்தன. இரண்டும் 'லீத்தி' என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. லீத்தி என்பது கிரேக்கர் புராணத்து மறதி ஆறு. அதன் நீரைப் பருகியோர் பழையன யாவும் மறப்பர்.

இவ்விடத்தே என் சிந்தை வேறு திசையிற் செல்கிறது. பூச்சிகள் பெயர் பெற்ற அக்காலத்திலேதான், கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் பலர். அவர்தம் பெயரை எழுதி வைத்தார் யார்? 1867-இல் லூல்கந்துரவிலே தேயிலை பயிராகத் தொடங்கிற்று. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையே மலையெங்கும் பரவிற்று. அதனைக் கொழுந்தெடுத்து வளர்த்த மக்களுட் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003-இலேதான் வந்தது. தமிழ் என்னும் பெயர் தாங்கிய பூச்சி இந்நாட்டு உயிர் என்று ஏட்டில் ஏறியிருக்க, தமிழ் பேசிய உழைப்பாளி அந்நியர் எனப்பட்டார்! மறதி ஆறு கிரேக்க நாட்டில் மட்டுமா ஓடுகிறது?

தோட்டத்திற்காகக் காடு அழிந்தபோது மூங்கிலும் நிழலும் குறைந்தன. எஞ்சிய மலைக்காடு 1940-இற் சரணாலயமாயிற்று. 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடங்களுள் ஒன்றாக மத்திய மலைநாடு ஏற்கப்பட்டபோது அதனுள் இதுவும் அடங்கிற்று. ஆயினும் சட்டம் மட்டும் காவாது. அடியார் எறியும் பொலித்தீனையும் அருகே வாழ்வோர் வெட்டும் விறகையும் தடுப்பது அன்பொன்றே. அன்பு பிறக்க அறிமுகம் வேண்டும். அறிமுகத்திற்குப் பெயர் வேண்டும்.

தமிழ்நாட்டரசு 2019-இல் ஒரு வண்ணத்துப்பூச்சியைத் தமிழ் மறவன் எனப் போற்றித் தன் மாநிலப் பூச்சியாக்கியது. அவ்வழியிலே, ஈழத்து மலையின் இப்பூச்சியை 'ஈழ மரக்கபிலன்' என்றும், அதன் உறவை 'தமிழ் மரக்கபிலன்' என்றும் யான் மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். தோட்டப் பாடசாலை ஆசிரியப் பெருமக்களும் அங்ஙனமே சொல்வாராக. தம் மலையின் சிற்றுயிரைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்ற பிள்ளை, தன் பாட்டன் பெயரையும் தேடிப் பார்க்கும். நல்லதண்ணி என்று நம் முன்னோர் இட்ட பெயர் நிலைத்தது போல, இதுவும் நிலைக்கட்டும்.